திருப்பிய படம்

கோரின் ஹாஸ்கெல் அமெரிக்காவின் டகோட்டா சமவெளியில் இருந்த அந்தச் சிற்றூருக்கு வந்து இரண்டு வாரமே ஆகியிருந்தது. மூன்று மாதத்திற்கு ஒரு மருத்துவமனை என்று ஒப்பந்தத்தில் ஊர் ஊராகப் போய் எக்ஸ்ரே எடுப்பது அவளுடைய தொழில். போகுமிடத்தில் இயந்திரத்தின் குணத்தை முதல் நாளே கற்றுக்கொண்டுவிடுவாள். மனிதர்களைத் தெரிந்துகொள்வதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும்.

அன்று விடிந்ததிலிருந்தே பனிப்புயல் வீசிற்று. உள்ளூர் மருத்துவரும் செவிலியரும் சாலையில் சிக்கிக்கொண்டனர். தற்காலிகப் பணிக்கு முந்தைய நாள் வந்திருந்த ஃபென்விக் என்ற இளம் மருத்துவரும் அவளும் மட்டுமே மருத்துவமனையில் இருந்தபோது, பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர், கால்நடை வளர்க்கும் ஆர்வில் ஸ்டெட்லண்டைக் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டு, பனியில் புதைந்த தம் வண்டியை மீட்க ஓடினார். ஆர்விலைக் காளை வேலியோடு சேர்த்து நசுக்கியிருந்தது. உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

"புது மூஞ்சியா?" என்றார் அவர், மூச்சு வாங்க. "போன வருஷம் படம் எடுக்க வந்தவன் மூச்ச அடக்கச் சொன்னான். இப்ப அதுவே அடங்கிரும் போல, கண்ணு."

கோரின் பணிவாகப் புன்னகைத்தாள். அவர் முதுகுக்கடியில் தகட்டைச் செருகிப் படம் எடுத்தாள். திரையில் வந்த படத்தில் இதயம் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. பக்கத்தைக் காட்ட அவள் ஒட்டியிருந்த ஈய எழுத்தோ, படத்தின் விளிம்புக்கு வெளியே போய்விட்டிருந்தது. தகட்டைப் புறம் மாற்றிச் செருகிவிட்டோம் என்றே எண்ணினாள். மறுபடி எடுப்பதுதான் முறை. ஆனால் ஆர்வில் முனகினார். மருத்துவர் படம் எங்கே என்று இரண்டாம் முறை கேட்டார். இதயம் இருக்க வேண்டிய பக்கம் இருக்குமாறு படத்தைத் திருப்பி, பக்கத்தின் எழுத்தைத் தட்டச்சு செய்து அனுப்பினாள்.

வலது நுரையீரல் சுருங்கிவிட்டது என்றார் ஃபென்விக். காதில் மாட்டிய கருவியில் காற்றின் ஊளையையும் முனகலையும் தவிர வேறொன்றும் தெளிவாகக் கேட்கவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். படத்தை நம்புவதைத் தவிர வழியில்லை. நுரையீரலை நசுக்கும் காற்றை வெளியேற்ற, வலது விலாவில் மருந்து தடவி, கத்தியை எடுத்தார். ஆர்விலின் கையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொள்ளுமாறு கோரினைக் கேட்டுக்கொண்டார்.

அவள் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை அவர் மார்பின் வலப்பக்கத்தில் ஊன்றினாள். உள்ளங்கையின் கீழே ஏதோ இடித்தது. மறுபடியும் இடித்தது. அங்கே இதயம் துடித்துக்கொண்டிருந்தது.

மருத்துவரை இடைமறித்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. கத்தி தோலில் இறங்கிவிட்டது.

"டாக்டர், நிறுத்துங்க. அந்தப் படத்த நான் திருப்பிட்டேன்."

"என்ன சொல்றீங்க?"

"இதயம் வலப்பக்கம் தெரிஞ்சுது. தப்புன்னு நெனச்சுத் திருப்பிட்டேன். இவருக்கு வலப்பக்கந்தான் துடிக்குது. அப்ப சுருங்கினது இடது நுரையீரல்."

ஃபென்விக் கத்தியை எடுக்கவில்லை, அழுத்தவும் இல்லை. கோரின் குனிந்து, இதயம் எந்தப் பக்கம் என்று ஆர்விலிடம் கேட்டாள். அவருக்குப் பேச மூச்சில்லை. பிடியிலிருந்த கையை மெல்ல உருவி, கத்தி நின்ற பக்கத்திலேயே நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

மருத்துவர் கட்டிலைச் சுற்றி இடப்பக்கம் ஓடினார். தடித்த ஊசி ஒன்று விலாவுக்கிடையே இறங்கியதும் அடைபட்ட காற்று சீறிக்கொண்டு வெளியேறிற்று. ஆர்விலின் உதட்டில் நிறம் திரும்ப வெகுநேரம் பிடித்தது. அதுவரை அந்த அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"பொறந்ததுல இருந்தே அப்படித்தான்," என்றார் ஆர்வில் ஒருவழியாக. "ஊருக்கே தெரியும். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா."

வலது விலாவின் வெட்டிலிருந்து இரத்தம் கசிந்தது. கோரின் அதன்மேல் பஞ்சுத் துணியை வைத்து அழுத்தினாள். விரல்களுக்கடியில் அவர் இதயம் இன்னும் இடித்துக்கொண்டே இருந்தது, வெகு அருகில்.