புல்லுத் தண்ணி

குலதருக்குத் தேயிலைச் செடியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பங்குனி வெயிலில் இலைச் சாற்றை உறிஞ்சும் செஞ்சிலந்திப்பேன் ஏறி, தோட்டமே துருப்பிடித்த நிறத்தில் கிடந்தது. கடை மருந்து அடிக்கவும் வழியில்லை. போன தடவை இலையில் விஷம் தங்கியிருக்கிறதென்று ஃபாக்டரி மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டது. இன்னொரு முறை அப்படி ஆனால் அவர்கள் இலை வாங்குவதையே நிறுத்திவிடுவார்கள்.

மனைவி ஜோனாலி மட்டும் அசரவில்லை. குளத்தோரம் மண்டிக் கிடந்த பிஹ்லங்கனிச் செடியைப் பறித்து உரலில் இடித்து, வாளித் தண்ணீரில் ஊறப்போட்டாள்.

"நாளைக்கு இத வடிகட்டி அடிங்க. பத்து வரிசைக்கு மட்டும்."

"புல்லுத் தண்ணியா? பேன் குளிச்சிட்டுத் தலை சீவிக்கும்."

"சீவட்டும். உங்க தலையில சீவ என்ன இருக்கு?"

குலதருக்கு வீம்பு. செடிக்குப் புல்லுத் தண்ணி அடிப்பதை ஊரார் பார்த்தால், வரப்போகும் பிஹு திருவிழா ஆட்டத்தில் தன்னை வைத்தே பாட்டுக் கட்டிவிடுவார்களே! சாயங்காலம் அவள் மாட்டைக் கட்டப் போன நேரம் பார்த்து, வாளியைத் தூக்கிக் குளத்தில் கவிழ்த்தான். கோடையில் வற்றி, அண்டா அளவுக்குச் சுருங்கியிருந்த குளம் அது. பிஹுவுக்கு வரப்போகும் சம்பந்திகளுக்கென்று அதில் ரோகு மீன்களை வளர்த்து வந்தான்.

காலையில் பார்த்தால் அத்தனை மீனும் வயிற்றைக் காட்டி மிதந்தன. குலதரின் தாத்தாவே இந்தச் செடியை நசுக்கி ஓடையில் போட்டு மீன் பிடித்தவர். தானும் கூடையோடு பின்னால் ஓடியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஜோனாலி காலி வாளியையும் பார்த்தாள், குளத்தையும் பார்த்தாள்.

"வெறும் புல்லுத் தண்ணிதானே? பாவம், மீனுக்குத் தெரியல போல."

"சம்பந்திக்கு என்ன சொல்றது?" அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"பருப்பு போடுவோம். மீன இந்தப் பாடு படுத்துனது பேனைச் சும்மா விடுமா? போங்க, பறிச்சிட்டு வாங்க. இந்தத் தடவை செடிக்கு ஊத்துங்க."

அன்று அவனே இடித்தான், அவனே அடித்தான். வாரம் ஒன்று விட்டு மறுபடியும் அடித்தான். பிஹுவுக்கு முன் அந்தப் பத்து வரிசையில் மட்டும் பச்சைத் துளிர் விட்டது. இலை வாங்க வந்தவர் கிள்ளிப் பார்த்து, "என்ன மருந்து?" என்றார்.

குலதர் நெஞ்சை நிமிர்த்தினான். "பிஹ்லங்கனிச் சாறு. நான் அப்பவே சொன்னேன்."

"ஆமா, சொன்னாரு," என்றாள் ஜோனாலி. "மீன்கிட்ட."