மூன்று ஒயர், இரண்டு ஓட்டை

…இரண்டுதான். இன்னொரு தடவை தடவிப் பார்த்தால் மட்டும் மூன்றாகிவிடுமா, இடது ஓரத்தில் அடுத்தடுத்து இரண்டே இரண்டு ஓட்டை, வலது ஓரம் வழித்துத் துடைத்தாற்போல் வெறுமை, பின்னாலும் வெறுமை, இந்த லேப்டாப்பைச் செய்தவன் எவனாக இருந்தாலும் சரி, அவன் ஒரு நாளாவது மழைக்காலத்துச் சாவு வீட்டில், தகரப் பந்தலின் ஓரத்தில், ஜெனரேட்டர் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பெட்டிக்குள் கிடக்கும் ஒரு அம்மாவை அயர்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் குவைத்துக்கும் ஒரே நேரத்தில் நேரலையாகக் காட்டியிருக்க மாட்டான். கேமராவின் ஒயருக்கு ஒன்று வேண்டும், சவப்பெட்டியின் தலைமாட்டில் நிற்கும் மைக்கின் ஒயருக்கு ஒன்று வேண்டும், சார்ஜ் ஏற ஒன்று வேண்டும், இதில் என்ன பேராசை இருக்கிறது? அதற்காகத்தான் இந்த ஹப், ஒரு ஓட்டையை நான்காக்கும் சின்னப் பெட்டி, லேப்டாப்பின் விலாவில் தொங்கிக்கொண்டு காலையிலிருந்து கொதிக்கிறது, தொட்டால் விரல் சுடுகிறது, பிளாஸ்டிக் கருகும் வாடை குந்திரிக்கப் புகையோடும் வாடிய ரோஜாவோடும் கலந்து எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. த்ரேசியாச் சேடத்தி, கொஞ்சம் பொறுத்துக்கோங்க… யாரிடம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ள அவர்களுக்கு இனி என்ன பாக்கி.

பங்குச் சாமியார், எங்கள் அச்சன், இன்னும் வந்து சேரவில்லை. அவர் வந்து ஜெபம் சொன்னதும் வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து கடைசி முத்தம் கொடுப்பார்கள், பிறகு பெட்டியை மூடிப் பள்ளிக்கு, மாதா கோயிலுக்கு, எடுத்துவிடுவார்கள், அதுவரைக்கும் இந்தச் சனியன் தாங்கினால் போதும். அதற்குள் மூத்த மகன் குரியாச்சன் குடும்பப் போட்டோ எடுக்கச் சொல்லிவிட்டார். பெட்டியைச் சுற்றி மகன்கள், மருமகள்கள், பேரன்கள் எல்லாரும் உயர வரிசையில் நிற்க, நான் லேப்டாப்பை விட்டுவிட்டுப் போய் எடுத்தேன், இருபத்தைந்து வருடமாக எடுக்கிறேன், இன்னும் ஒவ்வொரு தடவையும் ‘சிரிங்க’ என்று வாயில் வந்துவிடுகிறது, விழுங்கிக்கொள்கிறேன். எடுத்து முடித்ததும் குரியாச்சன் தனியாகக் குனிந்து அம்மாவின் நெற்றியில் ஒரு முத்தம் வைத்தார், வைத்துவிட்டு அப்படியே தலையைத் தூக்காமல் என்னைப் பார்த்து, “டோமிச்சா, கெடச்சுதா? இல்லன்னா இன்னொரு தடவ குடுக்கட்டுமா?” என்றார். குடுத்தார். இரண்டாவது முத்தம்தான் நன்றாக வந்தது, வெளிச்சமும் சரியாக விழுந்தது, அதை நினைத்தால்… சீ. ஆனால் எனக்கு எதற்கு இந்த முகச் சுளிப்பு? கெடச்சுது சார் என்று தலையாட்டியவன் யார்?

பழைய லேப்டாப்பாக இருந்தால் இந்த நேரம் நான் கட்டன் சாயா குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது செங்கல்தான், சுமந்து சுமந்து என் இடது தோள் இறங்கியே போய்விட்டது, ஆனால் மூன்று பக்கமும் ஓட்டை, எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்ளும், கரப்பான் பூச்சிகூட ஒரு தடவை உள்ளே போய்க் குடும்பம் நடத்தியது. அதைக் கொடுத்துவிட்டுத்தானே இதை வாங்கினேன், ஏன்? அருவித்துறையில் ஒரு சாவில், இரண்டு கேமராவும் வெள்ளைக் கையுறையுமாக வந்த ஒரு புதுக் கோஷ்டி வெள்ளித் தகடு மாதிரி ஒன்றை விரித்துவைத்தார்கள், துபாய்க்கார அச்சாயன் ஒருவர் அதையும் பார்த்தார், என் மடியையும் பார்த்தார், “என்ன டோமிச்சா, வீடு கட்றியா, செங்கல் சுமக்கறே?” என்றார். நாலு பேர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்காக மறு வாரமே கோட்டயத்துக் கடையில் போய் நின்றேன். விற்பவன் அதை ஒரு விரலில் நிறுத்திக் காட்டினான், ஒயரெல்லாம் பழைய ஆளுங்க சமாச்சாரம் சேட்டா, இனி எல்லாம் காத்துலயே போகும் என்றான், நானும் பழைய ஆளாகிவிடக் கூடாதே என்று தலையாட்டினேன், எடை பார்த்தேன், பளபளப்பு பார்த்தேன், அதில் என் முகம் தெரிகிறதா என்றுகூடப் பார்த்தேன், பக்கவாட்டில் எத்தனை ஓட்டை என்று மட்டும் பார்க்கவில்லை. வீட்டில் மனைவி ஷைனி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கம்ப்யூட்டரா இது? கரிமீன் வறுத்து வெக்கறதுக்குத் தட்டு வாங்கிட்டு வந்தீங்களோன்னு பாத்தேன்” என்றாள். பிறகு ஓட்டைகளைக் கண்டுபிடித்தாள். “திங்கறதுக்கு ஒண்ணு, மூச்சு விட ஒண்ணு. பேசணும்னா திங்கறத நிறுத்தணும், அப்படித்தானே?” அன்றைக்கு அவளிடம் கத்தினேன், உனக்கு என்ன தெரியும் என்று. அவளுக்குத்தான் தெரிந்திருக்கிறது, எனக்கு இப்போது அவள் மேல்கூட எரிச்சலாக வருகிறது.

திரை கறுத்துவிட்டது. ஹப் செத்துவிட்டது, பொருத்தமான இடத்தில்தான் செத்திருக்கிறது, பிடுங்கிச் செருகுகிறேன், ஊதுகிறேன், சட்டையில் துடைக்கிறேன், ஒன்றும் இல்லை. அச்சன் குடையை மடக்கிக்கொண்டு பந்தலுக்குள் வருகிறார். பேட்டரியில் துளிதான் மிச்சம், இப்போதே சார்ஜைச் செருகாவிட்டால் எல்லாமே போய்விடும், ஆக ஒரு ஓட்டை அதற்குப் போயிற்று, மிச்சம் ஒன்று, கேமராவா மைக்கா? கேமராவின் சொந்த மைக் ஜெனரேட்டரின் இரைச்சலைத் தவிர வேறு எதையும் பிடிக்காது, லேப்டாப்புடையதும் அப்படித்தான். குரியாச்சன் துக்க முகத்தைக் கலைக்காமல், உதடு அசையாமல் என் காதில் பேசுகிறார், இந்த வித்தையை இந்த வீட்டுக்காரர்களிடம்தான் பார்க்கவேண்டும். “அமெரிக்காலேர்ந்து கூப்பிட்டுட்டே இருக்காங்க, ஒண்ணும் தெரியலயாமே. என்னடா பண்றே?” நான் விளக்கினேன். “படம் வந்தா போதும். ஜெபம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, அத யாரு கேக்கப் போறா?” அவர் சொல்வதும் நியாயம்தான் என்று தோன்றியது, படத்துக்குத்தானே என்னைக் கூப்பிட்டார்கள். கேமராவைச் செருகினேன். படம் வந்தது. அச்சன் வாய் அசைக்கிறார், சத்தம் இல்லை.

கைபேசி துடித்தது. லாலி, சேடத்தியின் ஒரே மகள், டப்ளினில் நர்ஸ், பாஸ்போர்ட் விசாப் புதுப்பித்தலுக்குப் போய் எங்கோ அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது, வர முடியவில்லை. “டோமிச்சேட்டா, சத்தம் போயிடுச்சு.” ஜெபம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே மோளே, படம் நன்றாக வருகிறது, படத்தைப் பார் என்று தட்டினேன். உடனே பதில் வந்தது. “நான் பாக்கல சேட்டா. டூட்டில இருக்கேன். தனியா ரூம்ல ஒக்காந்து பாக்கற தெம்பு எனக்கு இல்ல. போன் பாக்கெட்ல கெடக்குது, ஒரு காதுல மட்டும் கேட்டுட்டு இருக்கேன். முத்தம் குடுக்கறப்பவாச்சும் கேக்கணும்.” எந்த மண்டையனாவது இருபத்தைந்து வருடத்தில் என்னிடம் சத்தத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறானா? தெளிவாக இருக்குமா, தூரத்திலிருந்து எடுப்பாயா, மேலிருந்து பறந்து எடுப்பாயா, பிஷப் வருவது விழுமா, இதைத்தானே கேட்பார்கள். இவளுடைய கல்யாணத்துக்கும் நான்தான் கேமரா. அன்றைக்குப் பந்தியெல்லாம் முடிந்து பாத்திரம் கழுவுகிற நேரத்தில், கேமராக்காரன் சாப்பிட்டானா என்று கேட்டது சேடத்தி ஒருத்திதான், கப்பையும் பீஃப் வறுவலும் தானே கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் உண்டு முடிக்கும்வரை மழைக்குச் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். அதெல்லாம் இப்போது எதற்கு ஞாபகம் வரவேண்டும், வேலையைப் பார்.

வேலை என்றால் எது? படத்தை அறுத்தால் குரியாச்சன் என்னைப் பந்தல் கம்பத்தில் கட்டிவைப்பார், நாளைக்கே இடவகையிலுள்ள பங்குக் குடும்பங்கள் எல்லாவற்றிலும் சொல்லிவிடுவார், டோமிச்சன் செத்தவளை இருட்டில் தள்ளிவிட்டான் என்று, பிறகு எவன் கூப்பிடுவான். அறுக்காவிட்டால் ஒருத்தி, எங்கோ ஒரு வார்டில், யாருக்கோ மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே வெறும் காதோடு நடந்துகொண்டிருப்பாள். அச்சன் புத்தகத்தை மூடுகிறார். இளைய மருமகள் முதல் ஆளாகக் குனியப் போகிறாள். நான் கேமராவைச் சேடத்தியின் முகத்துக்கு நெருக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தினேன், மூடிய கண், நெற்றியில் பூமுடி, கம்மல் கழற்றிய காதில் நீண்டு தொங்கும் வெற்று ஓட்டை, நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேமராவின் ஒயரைப் பிடுங்கி அதே இடத்தில் மைக்கைச் செருகினேன். முதல் தடவை தலைகீழாகக் குத்தினேன் என்று நினைத்தேன், இதற்குத் தலைகீழ் என்று ஒன்று கிடையாதாம், கடைக்காரன் பெருமையாகச் சொன்னான்.

கண்ணைத் திறந்தால் திரையில் சேடத்தி அப்படியே இருக்கிறார்கள். ஹப் செத்தபோது போலக் கறுக்கவில்லை, கடைசிப் படத்திலேயே உறைந்து நிற்கிறது. இப்போது யாராவது கண்டுபிடிப்பார்கள், இப்போது குரியாச்சன் வருவார் என்று உட்கார்ந்திருக்கிறேன், பந்தலில் ஒவ்வொருவராகக் குனிந்து முத்தம் கொடுத்துப் போகிறார்கள், திரையில் ஒருவரும் வருவதில்லை, கீழே கைகூப்பு மேல் கைகூப்பாக வந்து விழுந்துகொண்டே இருக்கிறது, கண்ணீர் விடும் மஞ்சள் முகங்கள், ஆழ்ந்த அனுதாபங்கள், தூங்குவது போலவே இருக்கிறார்கள், ஹூஸ்டனிலிருந்து ஒரு தம்பதி, இப்போது கிளியராகத் தெரிகிறது நன்றி என்கிறார்கள். முந்நூறு பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. குரியாச்சன் ஓரமாகத் தன் கைபேசியில் பார்த்துவிட்டு எனக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார். இதற்கா இத்தனை வருடம் வெளிச்சம் பார்த்தேன், கோணம் பார்த்தேன், இதற்கா அந்த வெள்ளித் தகட்டைப் பார்த்து வயிறெரிந்தேன், ஒரு போட்டோவை ஒட்டிவைத்துவிட்டு வீட்டில் படுத்திருந்தாலும் இவர்களுக்குப் போதுமாக இருந்திருக்குமே.

மறுபடியும் துடிக்கிறது. லாலி. “கேக்குது சேட்டா. மழ கேக்குது, செருப்புச் சத்தம் கேக்குது. அங்க யாருமே அழலையா?”

நிமிர்ந்து பார்க்கிறேன். எல்லார் முகத்திலும் துண்டு, கைக்குட்டை, தோள்கள் குலுங்குவதுகூடத் தெரிகிறது, படமாக எடுத்திருந்தால் பார்க்கிற எவனும் இந்த வீடே இடிந்து விழுந்துவிட்டது என்று சொல்லியிருப்பான், நான் அப்படி எத்தனை வீடுகளை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். காதை மட்டும் வைத்துக் கேட்கிறேன். தகரத்தில் மழை. ஜெனரேட்டர். செருப்புகளின் சளக் சளக். யாரோ இருமுகிறார்கள். பள்ளிக்குப் போகிற பஸ் வந்துவிட்டதா என்று யாரோ கிசுகிசுக்கிறார்கள், அதுவும் மைக்கில் போயிருக்கும். வேறு ஒன்றுமே இல்லை. இதை அவளுக்கு எப்படிச் சொல்வது, ஜெனரேட்டர் சத்தத்தில் அமுங்கிவிட்டது என்று சொல்லலாம், புது லேப்டாப் சரியில்லை என்று சொல்லலாம், இன்று ஒரு நாளாவது அதன் தலையில் பழியைப் போடலாம்…

மைக்கைச் சரிசெய்வது என் வேலை, எழுந்து போனால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். போனேன். தலைமாட்டில் குனிந்து, மைக்கின் கழுத்தைத் திருகுவது போல முகத்தை அதற்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூக்கை ஒரு தடவை உறிஞ்சினேன். வேண்டுமென்றேதான். இன்னொரு தடவை, கொஞ்சம் விட்டுவிட்டு, ஒரு விக்கலும் சேர்த்து. தூ, இரண்டாவது முத்தம் கொடுத்தவனைப் பார்த்து முகம் சுளித்தாயே, நீ யார், நீயும் அதே ரகம்தான் என்று உள்ளுக்குள் காறித் துப்பிக்கொண்டேதான் செய்தேன். மூன்றாவது நான் செய்ததா என்று தெரியவில்லை. என் மூக்குக்கு நேர் கீழே அந்தக் காது, அந்த வெற்று ஓட்டை, சாப்பிட்டியா மோனே என்று கேட்டுவிட்டு மழையில் நின்ற ஈரச் சேலையின் வாடை எங்கிருந்தோ வந்தது, சத்தம் தானாக வந்ததா வரவழைத்தேனா, வெளியே வந்துவிட்டது, அசிங்கமாக, மாடு கத்துவது போல.

சட்டைப் பையில் துடிக்கிறது. அங்கேயே எடுத்துப் பார்க்கிறேன். “இப்ப கேக்குது சேட்டா. யாரு அது?”

நான் என்று அடித்தேன். அழித்தேன். குரியாச்சன் துண்டுக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டுகிறார், தள்ளி நில்லுடா என்று, அம்மாவைக் கேமராவுக்கு மறைக்கிறேனாம்.