நூல் சுற்றிய மட்டி

திருகோணமலையிலிருந்து மஸ்கெலியாவுக்கு மூன்று பஸ் மாறி வந்த பிறகும் அந்த ஈரச் சாக்குக்குள் உயிர் இருந்தது. திலக்ஷன் அதை அடுப்படியில் அவிழ்த்தபோது மட்டிகள் ஒன்றோடொன்று உரசி மெல்லச் சத்தம் போட்டன. கிருஷாந்தி குனிந்து முகர்ந்தாள். கடலும் இப்படித்தான் மணக்குமா என்று கேட்க வாய் வந்தது. கேட்டால் அண்ணன் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான் என்று விட்டுவிட்டாள். கடலை அவள் போனில்தான் பார்த்திருக்கிறாள்.

"மூஞ்சியச் சுளிக்காத. இனி தெனமும் இத மோந்துக்கிட்டுத்தான் இருக்கணும்," என்றான்.

கடற்கரையில் ஒரு தங்குவிடுதியில் அவனுக்கு வேலை. மீன்பிடிக்க ஆசைப்பட்டு வரும் விருந்தாளிகளைக் கரையோரம் கூட்டிப்போய்த் தூண்டில் வீசப் பழக்குவான். மீனுக்கு மட்டிச் சதை என்றால் உயிர். ஆனால் சதை கொழகொழவென்று இருக்கும். வீசுகிற வேகத்திலேயே முள்ளைவிட்டுக் கழன்று எங்கேயாவது போய் விழும். அதற்குத் தப்பினால் அலை பிய்த்துக்கொண்டு போகும். அதனால் ஓட்டைத் திறந்து, சதையை உப்பில் போட்டு இறுகவைத்து, இரண்டு மூன்றைச் சேர்த்து மெல்லிய நூலால் விரல்போலச் சுற்றிக் கட்டவேண்டும். மே மாதம் சீசன் தொடங்குவதற்குள் அந்த வேலைக்கு ஓர் ஆள் வேண்டும். விடுதிக்காரி ஆமினா உம்மா, புத்தாண்டுக்கு ஊருக்குப் புறப்பட்ட திலக்ஷனிடம் சொல்லி அனுப்பியிருந்தார்: "ஒங்கட தங்கச்சி கட்டின இரையக் கொஞ்சம் கொண்டாங்க, பாப்பம். கை சரியெண்டா வரட்டும். என்னோடயே தங்கிக்கலாம்."

உப்பு வாங்கப் போனபோது கடைக்காரர் சரிபுதீன் பையைத் தூக்கிப் பார்த்தார். "என்ன புள்ள, இவ்வளவு உப்பு? மஸ்கெலியாவுல கடல் செய்யப் போறீங்களா?"

"இல்ல சரிபுதீன் நானா, கடலுக்குப் போகப் போறேன்," என்றாள். வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அது நிஜம்போலத் தோன்றியது.

சாயங்காலம் அண்ணனும் தங்கச்சியும் சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். மழுங்கிய கத்தியை ஓட்டின் மூட்டில் எப்படி நுழைப்பது என்று அவன் காட்டினான். முதல் மட்டி நசுங்கியது. அடுத்ததும். அப்புறம் கொழுந்து கிள்ளிப் பழகிய விரல்களுக்குச் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. உப்பில் கிடந்து சதை தண்ணீர் விட்டதும், நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தாள்.

"அடிப்பாவி, நான் ஒண்ணு கட்டுறதுக்குள்ள நீ தட்டையே நெரப்பிட்ட," என்றான் திலக்ஷன். "உம்மா பாத்தா என்னய அனுப்பிட்டு ஒன்னய வச்சுக்குவாங்க."

அம்மா மாரியாயி வாசற்படியில் காலை நீட்டி, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தோட்டத்துக் கண்டாக்கையா சொன்னாரு. எனக்கு வயசாயிருச்சாம். வைகாசியோட எம்பேர வெட்டிருவாங்களாம்."

தோட்டத்து வழக்கம் மூன்று பேருக்கும் தெரியும். வீட்டில் ஒருவர் பேராவது செக்ரோல் என்ற தோட்டத்து வேலைப் பதிவேட்டில் இருக்கும்வரைதான் குடியிருக்கும் லயத்துக் காம்பிரா அவர்களுடையது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். திலக்ஷன் பேரை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்டான். அம்மா பேரையும் வெட்டிவிட்டால் மிச்சம் கிருஷாந்தி ஒருத்திதான்.

"அத அப்புறம் பாத்துக்கலாம்மா," என்றான் திலக்ஷன்.

"எப்ப அப்புறம்?"

அவன் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினான்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் கிளம்புமுன் கிருஷாந்தி இரைகளைப் பால்மா டின்னில் அடுக்கி, மேலே உப்புத் தூவி, இறுக்க மூடி, அண்ணன் பையருகே வைத்தாள். தூங்கிக்கொண்டிருந்தவனை உலுக்கினாள். "அண்ணே, டின்ன மறந்துறாத." அவன் போர்வைக்குள்ளிருந்து கையை ஆட்டினான். அம்மா கால்வலி என்று அன்று வேலைக்கு வரவில்லை.

மலையில் நிற்கும்போது கீழே அணைக்கட்டுத் தண்ணீர் பனிக்குள் மறைந்து மறைந்து தெரிந்தது. மறுகரை தெரியாத நேரத்தில் அதைக் கடல் என்று வைத்துக்கொண்டாள். பனி விலகும், எதிரே மறுபடியும் தேயிலை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு மலை வந்து நின்றது. பத்து மணி பஸ் வளைவில் ஹோன் அடித்துக்கொண்டு இறங்கியபோது, தன்னுடைய விரல்கள் சுற்றியவை அதற்குள் போகின்றன என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தவள் சன்னலைப் பார்த்து நின்றாள். அங்கே இரை கட்டிய நூற்கட்டை மறுபடி நிறைந்திருந்தது. நேற்று அதில் பாதிகூட மிச்சமில்லை. தொட்டாள். நூல் ஈரமாக, பிசுபிசுவென்று இருந்தது.

"கையக் கழுவிட்டு வா, சோறு போட்டிருக்கேன்," என்றாள் அம்மா.

தட்டில் சோற்றோடு கத்தரிக்காய்க் குழம்பு. குழம்பில் மட்டிச் சதை.

"அம்மா, இது இரை."

"தெரியும்."

"அப்ப டின்னுல?"

"கறிதான். அவனும் வழியில பசிச்சா சாப்பிடணுமே." அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "கருவாடு மாதிரி மூணு தண்ணி அலசினேன், உப்பு போயிருச்சு. முடிச்சு அவுக்கத்தான் உசிரு போயிருச்சு. நல்லாத்தான் இறுக்கியிருந்த."

கிருஷாந்தி கத்தவில்லை. கத்தினால் அடுத்த காம்பிராவுக்குக் கேட்கும் என்பதல்ல காரணம். அம்மாவின் விரல்நுனிகள் உப்பில் வெந்து வெள்ளையாகத் தோலுரிந்திருந்தன.

போன் அடித்தது. ஹட்டன் பஸ் ஸ்டாண்டிலிருந்து திலக்ஷன்.

"என்னடி இது? மணக்குதேன்னு தொறந்தா உள்ள கறி. நான் உம்மாகிட்ட எதக் காட்டுறது?"

அம்மாவின் முதுகு அசையாமல் இருந்தது. ஊதுகுழல் கையில் இருந்தும் அவள் ஊதவில்லை.

"நான்தாண்ணே சமைச்சேன்," என்றாள் கிருஷாந்தி.

"நீயா? எதுக்கு?"

"அம்மா பேரு வைகாசியோட போயிருமில்ல."

அந்தப் பக்கம் கண்டிப் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது. "வேணும்னா நான் திரும்பி வந்து தோட்டத்துல..." என்று ஆரம்பித்தான் திலக்ஷன். அவள் காத்திருந்தாள். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவன் முடித்துவிட்டால் போதும்.

"பஸ் எடுக்கப் போறாங்க. போய்ச் சேந்துட்டுப் பேசுறேன்," என்றான்.

அவள் சம்மணமிட்டு உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தாள். அம்மா ஊதத் தொடங்கினாள். புகை காம்பிராவில் நிறைந்தது. நாலாவது வாயில் பல்லிடுக்கில் ஏதோ சிக்கியது. விரல்விட்டு இழுத்தாள். நூல். வெளியே வர வர நீண்டுகொண்டே வந்தது. நடுவில் ஒரு முடிச்சு, அம்மா கண்ணுக்குத் தப்பியது, அவள் போட்டபடியே இறுகிக் கிடந்தது.

"உப்பு தூக்கலா இருக்கா?" என்று கேட்டாள் அம்மா.

"இல்ல. சரியா இருக்கு."

நூலைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு மீதிச் சோற்றைச் சாப்பிட்டாள். மலைக்குத் திரும்ப நேரமாகியிருந்தது.