புளி போட்டுத் துலக்கிய டலோனெகா நாணயம்

நிரூபன் எழுந்தான், பல் விளக்கினான், தேநீர் குடித்து அந்த ஒற்றைக் கோப்பையைக் கழுவி வைத்தான். லண்டன் ஹரோவிலிருந்து பஸ் ஏறி வெம்பிளியிலுள்ள கனகலிங்கத்தின் நாணயக் கடைக்குப் போனான். பையில் ஒரு தங்க நாணயம் இருந்தது; அமெரிக்காவின் தென்பகுதியில், டலோனெகா என்ற மலையூரில், அந்நாட்டு உள்நாட்டுப் போருக்கு முன் அடித்தது. அந்த ஊர் நாணயங்களை அவனும் மனைவி தர்சிகாவும் கலியாணமான நாளிலிருந்து ஆண்டு வரிசையில் சேர்த்து வந்தார்கள்.

கனகலிங்கம் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

"ஐயோ தம்பி, முழுக்கக் கீறல். ஆர் இதை மினுக்கினது?"

"என்ர மனிசி. வெள்ளிக்கிழமை சாமிப் படத்தடியில வைக்க, புளி போட்டுத் தேய்ச்சவ."

"இதென்ன குத்துவிளக்கே, புளி போட்டுத் தேய்க்க?" என்று சிரித்தவர், தர்சிகாவின் செத்தவீட்டுக்குப் போய்வந்தது நினைவு வர நிறுத்தினார். குரலைத் தணித்தார். "இதே வருஷத்தில கீறல் இல்லாதது ஒண்டு இருக்கு. மாத்தி எடும். உம்மட வரிசை பழுதில்லாமல் நிக்கும்."

மாற்றத்தான் அவன் வந்திருந்தான். மேசை விளக்கின் கீழே நாணயம் கண் கூசும்படி மின்னியது. அதை எடுத்துப் பைக்குள் வைத்தான்.

"வேண்டாம் அண்ணை. வரிசையில இதுதான் நிக்கும்."

"பாக்கிற ஆக்கள் சிரிப்பினம்."

"சிரிக்கட்டும்."

பக்கத்துத் தமிழ்க் கடையில் ஒரு பாக்கெட் புளி வாங்கிக்கொண்டான். விபத்து நடந்த அன்று காலை, வேலைக்குப் புறப்பட்ட தர்சிகா கதவைத் திறந்தபடி திரும்பிச் சொல்லியிருந்தாள்:

"இஞ்சாருங்கோ, புளி முடிஞ்சுது. வரேக்க வாங்கிக்கொண்டு வாங்கோ."