நீட்டிய தட்டு

வெள்ளைக் கையுறை போட்ட ஊழியர் வந்து, "எலும்பெடுக்க வரலாம்" என்று குனிந்து சொன்னபோது சுமியே ஆரஞ்சுப் பழம் ஒன்றை உரித்துக்கொண்டிருந்தாள். தகன மண்டபத்தின் காத்திருப்பு அறையில் யாரோ தட்டு நிறைய வைத்திருந்த பழங்கள். அவளுக்குப் பசி இல்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். உரித்ததைக் கொழுந்தன் ஜூசோவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"அண்ணி, இத நான் என்ன பண்றது?"

"வாய்ல போட்டுக்குங்க. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல நீங்க."

ஜூசோ கண்ணைத் துடைத்துக்கொண்டே பழத்தை மென்றார். மகள் மிஹோ முன்னால் நடந்தாள். நடைபாதையின் கோடியில், பானங்கள் விற்கும் இயந்திரத்தின் ஓரமாகக் கெய்ட்டா நின்றிருந்தான். இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டு, மணிக்கட்டு தெரிகிற அளவுக்கு அதன் கை குட்டையாக இருந்தது. அவர்களைக் கண்டதும் இடுப்பு வரை குனிந்தான்; பிறகு சுவரோடு ஒட்டி வழி விட்டான். மிஹோ அவனைப் பார்த்தாள். சுமியே பார்க்காதது போல நடந்தாள்.

உள்ளே இரும்புத் தட்டில் அவள் கணவர் யோஷிரோ வெள்ளை வெளேரென்ற எலும்புகளாகக் கிடந்தார். தட்டிலிருந்து இன்னும் அனல் வந்தது. இமாபாரி ஊரின் துண்டு ஆலையில் சாயம் தோய்த்தே ஆயுளைக் கழித்த மனிதர். நகக்கண்ணில் எப்போதும் நீலம் இருக்கும். எத்தனை தேய்த்தாலும் போகாத அந்த நீலம் ஒரே நாளில் போய்விட்டதே என்று நினைத்தாள் சுமியே. மற்ற எதையும் நினைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"காலிலிருந்து தொடங்கி மேலே வருவோம். அப்போதுதான் அஸ்தி ஜாடிக்குள் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்" என்றார் ஊழியர். "இரண்டிரண்டு பேராக நில்லுங்கள். ஒருவர் எடுத்து, அடுத்தவருடைய குச்சிக்குக் கொடுக்க வேண்டும்."

சுமியேவும் ஜூசோவும் ஒரு ஜோடி. மிஹோ நீளமான குச்சிகளை வாங்கிக்கொண்டு தட்டின் அந்தப் பக்கம் தனியாக நின்றாள்.

"துணைக்கு ஆள் இல்லையென்றால் நானே நிற்கிறேன்" என்றார் ஊழியர் மெதுவாக.

மிஹோ கதவைப் பார்த்தாள். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். வெளியே நிற்பவனைக் கூப்பிடட்டுமா என்று கேட்டுவிடுவாளோ எனச் சுமியே பயந்தாள். கேட்காமல் இருந்தது அதைவிட மோசமாக இருந்தது.

எல்லாம் டோக்கியே கடையில் தொடங்கியது. துறைமுகத்துக்குப் போகும் தெருவில் எட்டுப் பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடுகிற குடிக்கடை. வெள்ளிக்கிழமை என்றால் யோஷிரோவுக்கு அங்கேதான் சாப்பாடு. மனைவியும் மகளும் கூடவே போக வேண்டும். போனதும் கோழித்தோல். கடைக்காரி டோக்கியே இரும்புக் கல்லில் தோலைப் பரப்பி, மேலே கனமான இரும்பை வைத்து அழுத்துவாள். கொழுப்பு சீறிக்கொண்டு ஓடும். மொறுமொறுவென்று வெட்டி, இனிப்புக் குழம்பு தடவிப் பச்சைக் கோசு இலையோடு நடுவில் வைப்பாள். பீர் வரும். பேச்சு வரும்.

மிஹோ ஒரு வெள்ளிக்கிழமை கெய்ட்டாவை அழைத்து வந்தாள். கப்பல் பட்டறையில் பற்றவைப்பு வேலை. சின்ன வயதிலேயே தாயை இழந்து அப்பாவோடு வளர்ந்தவன். ஆளுக்கொரு பெட்டிச் சாப்பாட்டை வாங்கி, தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே தின்ற வீடு. நடுவில் ஒரு தட்டை வைத்து நாலு பேர் பகிர்ந்து சாப்பிடுவது அவனுக்குப் பழக்கமில்லை. முட்டி இடிக்க உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் "ஆமாங்க, ஆமாங்க" என்றான்.

யோஷிரோ இரண்டாவது பீரில் இருந்தார். தட்டிலேயே நன்றாக முறுகிய துண்டைச் சாப்பிடும் குச்சிகளால் எடுத்து அவன் முன்னால் நீட்டினார்.

"புடி மாப்ளே. இதான் உள்ளதுலயே நல்ல துண்டு."

தட்டை நீட்டி வாங்கியிருக்க வேண்டும். பச்சைக் குழந்தைக்கும் தெரியும். கெய்ட்டாவுக்கும் தெரியும். ஆனால் வருங்கால மாமனார் 'மாப்ளே' என்றதில் அவன் பதறிப்போனான். புத்திக்கு முன்னால் கை போய்விட்டது. தன் குச்சிகளால் அந்தத் துண்டைக் கவ்வி வாங்கினான்.

டோக்கியேவின் கரண்டி நின்றது. பக்கத்து இருக்கைக்காரர் வாயருகே கொண்டுபோன கோப்பையை அப்படியே பிடித்திருந்தார். குச்சிக்குக் குச்சி கைமாறுவது செத்தவரின் எலும்பு ஒன்றுதான்.

கெய்ட்டாவின் முகம் வெளுத்தது. "மன்னிச்சிடுங்க. நான்... கை தெரியாம..."

யோஷிரோ வயிறு குலுங்கச் சிரித்தார். "விடுப்பா. ஒத்திகை முடிஞ்சுதுன்னு வெச்சுக்கோ. என் எலும்ப வாங்கறப்போ உனக்குக் கை நடுங்காது."

"நாக்குல சனி" என்றாள் சுமியே. "வாயக் கழுவுங்க முதல்ல."

அவர் பீரால் வாயைக் கொப்பளித்துக் காட்டினார். டோக்கியே மட்டும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த குளிர்காலத்தில் அவருக்கு இருமல் வந்தது. அது நுரையீரலில் போய் நின்றது. மருத்துவர் முப்பது வருடச் சிகரெட்டையும் ஆலையின் காற்றையும் காரணம் சொன்னார். சுமியேவின் மனம் ஒரு கோழித்தோல் துண்டையே சொல்லிக்கொண்டிருந்தது. ஒருநாள் மகளிடம் வாய்விட்டும் சொல்லிவிட்டாள்: "அன்னிக்கு உன் ஆளு குச்சியால வாங்கினது என்னன்னு இப்பத் தெரியுதா உனக்கு?" அதற்குப் பிறகு மிஹோ கல்யாணப் பேச்சையும் எடுக்கவில்லை, அவனை வீட்டுக்கு அழைத்து வரவும் இல்லை.

ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வர வண்டி ஓட்டியவன் அவன்தான். வாசலில் இறக்கிவிட்டு, வண்டி நிறுத்துமிடத்திலேயே மணிக்கணக்கில் காத்திருப்பான். மேலே வரும்படி யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் சுமியேதான். ஆறாவது மாடி ஜன்னலிலிருந்து அந்தச் சாம்பல் நிற வண்டி தெரியும். யோஷிரோ கட்டிலில் இருந்தபடி அதற்குக் கையசைப்பார். "கீழேருந்து தெரியாதுங்க" என்பாள் சுமியே. "தெரியாட்டிப் போவுது" என்பார்.

இப்போது, எலும்புத் தட்டின் முன்னால், சுமியே குச்சிகளைக் கீழே வைத்தாள். நடைபாதைக்குப் போனாள். கெய்ட்டா இன்னும் அதே இடத்தில் நின்றிருந்தான்.

"உள்ள வாங்க" என்றாள். "ஒரு கை குறையுது."

அவன் அசையவில்லை. "நானாம்மா? எனக்கு... நான் வரலாமா?"

"அவரு உங்களுக்குத்தானே ஒத்திகை வெச்சாரு."

குரல் கறாராகத்தான் வந்தது. ஆனால் அவள் திரும்பி நடக்காமல், அவன் நகரும் வரை அங்கேயே நின்றாள்.

கால் எலும்புகளை மிஹோ எடுத்தாள், கெய்ட்டா வாங்கினான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. குச்சி நுனிகளை மட்டும் பார்த்தார்கள். கடைசியில் தொண்டை எலும்பு. கால் மடித்துத் தியானத்தில் உட்கார்ந்த புத்தர் போலவே இருக்கும் என்று ஊழியர் தனியே எடுத்துக் காட்டினார். மிக நெருங்கியவர்கள் எடுப்பது. சுமியே எடுத்தாள். எடையே இல்லை. ஜூசோவின் பக்கம் திரும்பினாள். அவர் தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார், குச்சிகள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன.

சுமியே மறுபக்கம் திரும்பினாள்.

நெருப்புத் தழும்புகள் நிறைந்த அந்தக் கை நீண்டு வந்தது. குச்சிக்குக் குச்சி. நடுங்கவே இல்லை.

யோஷிரோ கேட்டுக்கொண்டிருந்தபடி, துக்கச் சாப்பாட்டுக்கு ஆறிப்போன பெட்டிச் சாப்பாடு எதுவும் சொல்லவில்லை. பொழுது சாய்வதற்குள் நால்வரும் டோக்கியே கடைக்கு வந்துவிட்டார்கள். கடை திறந்திருப்பதைக் காட்டும் வாசல் துணியைத் தொங்கவிடாமல், அவர்களுக்காக மட்டும் அவள் கல்லை மூட்டியிருந்தாள். படியிலேயே நிறுத்தி, தீட்டுக் கழிய எல்லோர் தோளிலும் உப்பைத் தூவினாள். வெள்ளைத் துணி சுற்றிய ஜாடியைக் கண்டதும், சுவரோர இருக்கையில் அவருடைய மெத்தையைத் தட்டிப் போட்டாள்.

"கடைசியா வந்தப்போ இருமிக்கிட்டே குறை சொன்னாரு அக்கா. தோல்ல உப்பு கம்மியாம்" என்றாள் சுமியேவிடம்.

"கம்மியாத்தான் இருந்துச்சு."

"புருஷனும் பொண்டாட்டியும் சேந்துக்கிட்டீங்களா, சரி" என்று டோக்கியே கண்ணைத் துடைத்துக்கொண்டு தோலைக் கல்லில் பரப்பினாள்.

ஐந்து பீர் வந்தது. ஒன்று ஜாடியின் முன்னால். கெய்ட்டா பழக்கத்தில் கோப்பையை மோதப் போய், நினைவு வந்து, மார்போடு அணைத்துக்கொண்டான். துக்கச் சாப்பாட்டில் கோப்பைகள் முட்டுவதில்லை. ஜூசோ, "அண்ணனுக்கு" என்றார். எல்லோரும் சத்தமில்லாமல் உயர்த்திக் குடித்தார்கள்.

கோழித்தோல் வந்தது. யாரும் கை வைக்கவில்லை. முதலில் எடுத்து ஆளுக்கொரு துண்டு தருவது எப்போதும் யோஷிரோவின் வேலை.

"துக்கம் ஒரு வருஷம்" என்றாள் சுமியே தட்டைப் பார்த்தபடி. "அதுவரைக்கும் நல்ல காரியம் எதுவும் பேசக் கூடாது."

மிஹோவின் தலை தாழ்ந்தது. "தெரியும்மா."

"வெள்ளிக்கிழமை சாப்பிட வர்றதுக்கு அந்தக் கணக்கெல்லாம் கெடையாது. மூணு பேரா உக்காந்தாத்தான் ஒரு தட்டு காலியாகும்."

மிஹோ நிமிர்ந்தாள். ஜூசோ மூக்கைச் சிந்தினார். "அண்ணி, நாலு பேருன்னு சொல்லுங்க. எனக்கு யாரு இருக்கா?"

"நீங்க வந்தா ரெண்டு தட்டு சொல்லணும்."

சுமியே குச்சிகளை எடுத்தாள். நன்றாக முறுகிய துண்டைத் தேடிக் கண்டுபிடித்து, கெய்ட்டாவின் பக்கம் நீட்டினாள். அவன் துள்ளி எழாத குறையாகத் தன் சின்னத் தட்டை எடுத்து, இரண்டு கைகளாலும் ஏந்தி, மேஜையின் பாதி வரை நீட்டினான். அவள் துண்டை அதில் வைத்தாள்.

"சாப்பிடுங்க. ஆறினா நல்லாருக்காது."

"சரிங்க" என்றான் அவன். தட்டைக் கீழே வைக்கத்தான் அவனுக்குத் தோன்றவில்லை. தட்டு நடுவில் அப்படியே நின்றது. ஜாடியின் முன்னாலிருந்த பீரில் நுரை மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

சுமியே கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு இன்னொரு துண்டை எடுத்து அதிலேயே வைத்தாள்.