இடது இறக்கையில் அரை நூல்

பட்டறையில் அவருக்கு, கொத்தனார் மட்டம் பார்க்கும் ரசமட்டம் என்றே பேர். பழைய போர் விமானங்களின் மாதிரிகளை மரத்தில் இழைத்து, வர்ணமடித்து, கண்ணாடிப் பெட்டியில் வைக்கத் தயாராக்கித் தரும் பட்டறை அது. எந்த விமானமானாலும் இறக்கையில் பசை காய்வதற்குள் அவர் கைக்கு வந்தாக வேண்டும். மூக்கைத் தன் பக்கம் திருப்பி, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். இரண்டு இறக்கையும் ஒரே மட்டம் என்று அவர் சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் அளவுகோலை எடுக்க மாட்டார்கள்.

அந்தப் பேரோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். மனைவியின் தம்பியைத் தானே கூட்டிவந்து முதலாளியிடம் சேர்த்துவிட்டதுதான் வினையாகப் போயிற்று. ஒரே வருஷத்தில், மச்சினன் உப்புத்தாள் போட்ட மரத்தைத் தொட்டுப் பார்த்தவர்கள் தகடு என்றே நினைத்தார்கள். முதலாளி அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே பாட்டு. "என் தம்பி கை வெச்சா அது தனி அழகுதாங்க" என்பாள் மனைவி, இவருக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே. தொண்டையில் இறங்குமா? பொறாமைதான், வேறென்ன. அதற்கு நல்ல பேர் வைத்துக் கொஞ்ச வேண்டியதில்லை.

அந்த நேரம் பார்த்து ஹன்டர் என்ற போர் விமானத்துக்கு ஆர்டர் வந்தது. ஒரு காலத்தில் அதை ஓட்டியவர்கள் சேர்ந்து, தங்கள் சங்கத்துக் கூடத்துக்காகக் கேட்டிருந்தார்கள். முதலாளி அதையும் மச்சினனிடமே கொடுத்தார்.

இறக்கைகளைப் பொருத்திய கையோடு மச்சினன் அதைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"மாமா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் எனக்குத் திருப்தி."

ஒரு கண்ணை மூடினார். இடது இறக்கை அரை நூல், அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குதான், இறங்கியிருந்தது. பசை இன்னும் ஈரம்தான். கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினால் சரியாகிவிடும். ஒரே ஒரு தடவை இவனும் பட்டுத்தான் பார்க்கட்டுமே என்று தோன்றியது.

"பிரமாதம்டா" என்றார்.

பசை காய்ந்தது, வர்ணம் ஏறியது. எடுத்துப்போக வந்த பழைய விமானி, பீடத்தில் பதித்திருந்த முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல் அதை வைத்ததும் தலையைச் சாய்த்தார். "என்னங்க, இடது பக்கம் தொங்குதே?" கண்ணாடி அந்த அரை நூலை ஒரு நூலாக்கிக் காட்டிக்கொண்டிருந்தது.

முதலாளி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மச்சினன் தலை தொங்கிப்போயிற்று. இந்தக் காட்சிக்காகவே காத்திருந்த ரசமட்டம் அதை ஆற அமர ரசிப்பதற்குள் முதலாளி அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க பாத்துதான சரின்னீங்க? பாத்துமா தெரியல?"

தெரிந்தது என்று எந்த வாயால் சொல்வது? "இப்பல்லாம் கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்குங்க" என்றார்.

"அப்ப மொதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. அதுவரைக்கும் உங்க மச்சினனே மட்டம் பாக்கட்டும்."

இறக்கையைத் தொங்கவிட்டவனுக்கே மட்டம் பார்க்கும் வேலை! ரசமட்டம் உள்ளுக்குள் பொருமினார். மச்சினனோ தன் வேலை கெட்டதைப் பற்றி வாயே திறக்கவில்லை. "விமானம் கெடக்குது மாமா, வேற செஞ்சுக்கலாம். கண்ணு போனா வருமா?" என்று மறுநாள் காலையிலேயே கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

அங்கிருந்த பெண் ஓர் அட்டையைக் கையில் கொடுத்தாள். வரிக்கு வரி எழுத்து சிறுத்துக்கொண்டே போனது. ரசமட்டம் மூன்றாவது வரியில் திணறிக் காட்டி, "இதுக்குக் கீழ ஒண்ணும் தெரியலம்மா" என்றார். ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனால் விஷயம் முடிந்துவிடும்.

மச்சினன் 'ச்சு' கொட்டியபடி அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். நான்காவது வரியை மளமளவென்று படித்தான், ஐந்தாவதையும் படித்தான். கடைசி வரியில் நின்றுவிட்டான்.

"விடுங்க மாமா, இது யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியலன்னா பாத்துக்கங்களேன்!"

அந்த 'எனக்கே' ரசமட்டத்துக்குச் சுருக்கென்று தைத்தது. அட்டையை நிமிர்த்திப் பிடித்தார். கடைசி வரியை முற்றுப்புள்ளி வரை ஒரே மூச்சில் படித்து முடித்தார்.

மச்சினனுக்கு வாயெல்லாம் பல். "கண்ணுக்கு ஒண்ணுமில்ல மாமா! அக்கா ராத்திரியெல்லாம் தூங்கல, மொதல்ல அவகிட்ட சொல்லணும்" என்று அவர் தோளை உலுக்கிக்கொண்டே போனில் அக்காவைக் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே அவன் பார்வை அட்டைக்குப் போயிற்று. அங்கிருந்து மெதுவாக ரசமட்டத்தின் முகத்துக்கு வந்தது. தோளிலிருந்த கை விலகியது.

"என்னடா சொன்னாங்க? மாமாவுக்குக் கண்ணு எப்படிடா இருக்கு?" அக்காவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

மச்சினன் போனை அவரிடம் நீட்டினான்.

"நீங்களே சொல்லுங்க, மாமா."