இருபத்திரண்டாவது தப்படி

ஓம்பால் ஸ்டம்பிலிருந்து பின்னோக்கித் தப்படிகளை எண்ணிக்கொண்டே நடந்தான். பதினேழில் நின்று, காலணியின் ஆணியால் புல்லில் ஒரு கோடு கிழித்தான்.

ஜக்பீர் பந்தைத் துடைத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹரியானா அணிக்காக அவன் பந்து வீச ஆரம்பித்துப் பதினான்கு வருடமாகிறது. அன்று முதல் ஓம்பால்தான் விக்கெட் கீப்பர். ஆரம்ப நாட்களில் அந்தக் கோடு இருபத்திரண்டாவது தப்படியில் விழும். அங்கே நின்றும் பந்து ஓம்பாலின் நெஞ்சுக்கு வரும். ஜக்பீரின் முதுகெலும்பில் விரிசல் கண்டு, திருகாணி வைத்து முடுக்கிய வருடம் கோடு இருபதுக்கு வந்தது. அப்புறம் பத்தொன்பது. அப்புறம் பதினெட்டு. ஓம்பால் இதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. ஜக்பீரும் கேட்டதில்லை. வீட்டிலிருந்து யாரோ ஒவ்வொரு சாமானாக எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்தும் பாராததுபோல் இருவரும் இருந்தார்கள்.

இன்றைக்கு அப்படி இருக்க முடியாது. பெவிலியன் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில், கழுத்தைச் சுற்றி மஃப்ளர் கட்டிக்கொண்டு, தில்லியிலிருந்து வந்த தேர்வாளர் உட்கார்ந்திருந்தார். ஆஸ்திரேலியாவுக்குப் போகவேண்டிய வேகப்பந்து வீச்சாளன் ஒருவனுக்குத் தொடைத்தசை கிழிந்துவிட்டது. "உன்கிட்ட இன்னும் வேகம் இருக்கான்னு ஒரு காலை மட்டும் பார்த்துட்டுப் போறேன்" என்று அவர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். நான்கு டெஸ்ட், ஒன்பது விக்கெட், அதற்குப் பிறகு ஆறு வருட மௌனம். முப்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு அழைப்பு இன்னொரு முறை வராது.

ஜக்பீர் நடந்துபோய் ஓம்பால் பக்கத்தில் நின்றான்.

"ஓமி, பின்னால போ."

"எவ்வளவு?"

"பழைய இடம்."

ஓம்பால் கையுறையைக் கழற்றினான். விரல்களைப் பார்த்தான். மறுபடி மாட்டிக்கொண்டான். ரோத்தக் பக்கத்து லாலி மைதானத்தின் மேல் நவம்பர் மூடுபனி இன்னும் முழுதாக விலகியிருக்கவில்லை. எல்லைக்கோட்டுக்கு அப்பால் யாரோ டிராக்டரைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள்.

"பந்து வராது, ஜக்கு."

"வரும்."

"வரலைன்னா?"

"இங்க வேகத்தை அளக்கிற மெஷின் இல்ல. அந்தப் பெரியவர் என் கையைப் பார்க்கமாட்டார். நீ எங்க நிக்கறேன்னுதான் பார்ப்பார். நீயும் நானும் அப்படித்தானே மத்தவனை எடை போடறோம்?"

ஓம்பால் திரும்பி நடந்தான். பதினெட்டு, பத்தொன்பது. இருபத்திரண்டில் நின்றான். இந்த முறை கோடு கிழிக்கவில்லை. கீப்பர் நகர்ந்தால் ஸ்லிப்பில் நிற்பவர்களும் நகரத்தான் வேண்டும். அவர்களும் பின்னால் போனார்கள்.

முதல் ஸ்லிப்பில் நின்ற கேப்டன் மானவுக்கு இருபத்து நான்கு வயது. "ஓமி பாயி, இன்னும் ரெண்டடி போனா ரோத்தக் பஸ் ஏறிடலாம். டிக்கெட் நானே எடுக்கறேன்" என்றான்.

"நீ முதல்ல கேட்ச் எடுடா, டிக்கெட்டை அப்புறம் எடுக்கலாம்."

ஸ்லிப்பில் எல்லோரும் சிரித்தார்கள். ஜக்பீர் மட்டும் சிரிக்காமல் ஓட்டத்தைத் தொடங்கும் இடத்துக்குப் போனான்.

இமாச்சலப் பிரதேசத்தின் நேகி ஆடிக்கொண்டிருந்தான். முதல் பந்தைத் தொடாமல் விட்டான். அது புல்லை உரசுவதுபோல் தாழ்ந்துபோயிற்று. ஓம்பால் மண்டியிட்டு அதைப் பொறுக்கியெடுத்து, அதே வேகத்தில் எழுந்து, கையுறைகளை நெஞ்சுக்கு நேரே நிறுத்தினான். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் பந்து நெஞ்சுக்கு வந்ததுபோலத்தான் தெரியும். மூன்று ஓவர்கள் அவன் இப்படியே செய்தான். ஒவ்வொரு பந்துக்கும் மண்டியிட்டு, ஒவ்வொரு பந்துக்கும் எழுந்து. அவனுக்கும் முழங்கால் சரியில்லை என்பது ஜக்பீருக்குத் தெரியும்.

நான்காவது ஓவரில், ஜக்பீர் வருடக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்த பந்து கையிலிருந்து புறப்பட்டது. உள்ளே வருவதுபோல் வந்து கடைசி நொடியில் வெளியே வளைந்தது. நேகியின் மட்டை விளிம்பில் பட்டது. அந்தச் சத்தத்தை ஜக்பீர் முதுகெலும்பில் கேட்டான். கை தானாக மேலே உயர்ந்தது.

பந்து ஓம்பாலின் விரல்களுக்கு ஒரு சாண் முன்னால் தரையில் விழுந்தது.

அம்பயர் ஓம்பாலைப் பார்த்தார். ஓம்பால் ஜக்பீரைப் பார்த்தான். பிறகு ஒரு விரலால் புல்லைத் தொட்டுக் காட்டினான்.

பதினேழில் நின்றிருந்தால் அது இடுப்புயரத்துக்கு வந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டே பிடித்திருப்பான். இதைச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. தேர்வாளர் பந்து விழுந்த இடத்தைப் பார்த்தார். பிறகு ஓம்பால் நின்ற இடத்தைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே அவருடைய பார்வை மெல்லப் போய்வந்தது.

நேகி மட்டையால் தரையைத் தட்டிக்கொண்டே, ஹரியானாக் கிழவர்களைக் கூப்பிடுவதுபோல், "தாஊ, உன் பந்து கீப்பர்கிட்ட போய்ச் சேர்றதுக்குள்ள நான் ஒரு டீ குடிச்சிடுவேன்" என்றான். அடுத்த பந்துக்குக் கிரீஸுக்கு வெளியே இரண்டடி தள்ளி வந்து நின்றான். பந்து வளைவதற்கு முன்பே அடித்துவிடலாம் என்ற தைரியம். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது.

மானவ் ஓடிவந்தான். சிரிப்பெல்லாம் போயிருந்தது. "பாயி சாப், இவனை உள்ளே தள்ளணும்னா கீப்பர் ஸ்டம்புக்கு வரணும். நான் சொன்னா ஓமி பாயி கேக்கமாட்டார். நீங்களே..." என்று இழுத்தான்.

ஜக்பீர் ஓம்பாலைப் பார்த்துக் கையை அசைத்தான். வா.

ஓம்பால் பதினேழு வரை வந்து, தன் பழைய கோட்டின்மேல் நின்றான். ஜக்பீர் மறுபடி கையை அசைத்தான். பதினைந்து. பத்து. ஓம்பால் ஒவ்வொரு முறையும் நின்று, போதுமா என்பதுபோல் பார்த்தான். கை அசைந்துகொண்டே இருந்தது. கடைசியில் தலைக்கவசத்தைத் தருவித்து மாட்டிக்கொண்டு, சுழற்பந்துக்கு உட்காருவதுபோல் ஸ்டம்புக்குப் பின்னால் உட்கார்ந்தான். அதைப் பார்த்து நேகி பின்காலைக் கிரீஸுக்குள் இழுத்துக்கொண்டான்.

ஜக்பீர் தன் பத்தொன்பது தப்படி ஓட்டத்தைக் குறைக்கவில்லை. முழுதாக ஓடிவந்து, இருந்ததையெல்லாம் போட்டு வீசினான். நேகி எட்டி ஆடினான். பந்து மட்டையைத் தாண்டியது. பின்கால் கிரீஸுக்கு வெளியே இழுபட்டது. ஒரு சொடக்கு நேரம்தான். ஓம்பாலின் கையுறை பட்டுப் பெயில்ஸ் இரண்டும் காற்றில் பறந்தன. பக்கவாட்டில் நின்ற அம்பயரின் விரல் மேலே போயிற்று.

மானவ் வந்து ஜக்பீரின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். மற்றவர்களும் முதுகில் தட்டினார்கள். திருகாணி இருக்கும் இடத்தில் வலித்தது. ஓம்பால் மட்டும் வரவில்லை. குனிந்து பெயில்ஸைப் பொறுக்கி, ஸ்டம்பின் மேல் ஒவ்வொன்றாக, வேண்டிய நேரத்துக்கும் அதிகமாக எடுத்துக்கொண்டு, வைத்தான். பதினான்கு வருடத்தில் இருவரும் சேர்ந்து நூற்றெண்பது கேட்ச் எடுத்திருக்கிறார்கள். ஸ்டம்பிங் இதுதான் முதல்.

தேர்வாளர் எழுந்து நின்று இரண்டு முறை கைதட்டினார். மரியாதையான கைதட்டல். பிறகு மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு, தன் கார் நின்ற பக்கம் நடந்தார்.

கூட்டம் கலைந்ததும் ஜக்பீர் பந்தை வாங்கப் போனான்.

"ஜக்கு..." ஓம்பாலின் குரல் தலைக்கவசத்துக்குள்ளிருந்து வந்தது. "கை தானா போயிடுச்சுடா."

"நல்லாத்தான் எடுத்தே."

அடுத்த ஆட்டக்காரன் வந்துகொண்டிருந்தான். ஓம்பால் எழுந்து, பின்னால் இருந்த கோட்டையும் ஜக்பீரையும் மாறிமாறிப் பார்த்தான்.

"ஸ்டம்புகிட்டயே நில்லு" என்று சொல்லிவிட்டு, ஜக்பீர் பத்தொன்பது தப்படியையும் எண்ணிக்கொண்டு திரும்பி நடந்தான்.